தன்னிரைச்சல், பதினான்கு டெசிபல்

மூன்றாவது மைக்கை மேஜையில் வைத்துக்கொண்டு
இமான்ட்ஸ் கையேட்டின் கடைசி வரியை
உரக்கப் படிக்கிறார்:
தன்னிரைச்சல், பதினான்கு டெசிபல்.
எந்த மைக்கும் முழு ஊமையில்லையாம்.
ஆளில்லாத அறையிலும்
தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருக்குமாம்.
முணுமுணுப்பு குறைந்ததுதான் நல்ல காது.
முப்பத்தொரு வருடமாக
இதையே நான் அவரிடம்
வேறு வார்த்தைகளில் சொல்லிவருகிறேன்.

முதல் மைக் மலிவு. சமையலறை ஜன்னலில் கட்டினோம்.
ஒரு வாரம் ஃப்ரிட்ஜை மட்டும் கேட்டது.
இரண்டாவது, கூரை விளிம்பில், மழைக்குழாய் பக்கத்தில்.
பனி உருகிச் சொட்டச் சொட்ட
ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு பறவைப் பெயர் வந்தது.

பிப்ரவரியில், விடிகாலை மூன்று பத்துக்கு,
புல்வெளிக் கோழி, எழுபத்தொரு சதவீதம்.
ஆப்பிரிக்காவில் இருக்க வேண்டியது
குல்டீகாவின் உறைபனியிலா!
பைஜாமாவோடு ஓடினார்.
வெளியே ஸ்கைத்ரீதே,
பேக்கரி ஷிஃப்டுக்குக் கிளம்புமுன்
கார்க் கண்ணாடியில் பனிக்கட்டியைச்
சுரண்டிக்கொண்டிருந்தாள்.
கர்ரக் கர்ரக். கர்ரக் கர்ரக்.
இருவரும் கையசைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவதற்கு அவசரப்படவில்லை.
சுவரிலிருந்து தள்ளி, சாலைக்கு முதுகு காட்டி,
ஆப்பிள் மரத்துக்கும் துணிக்கொடிக்கும் நடுவில்
ஒரு கம்பம், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்.
கேபிள் வீட்டுக்குள் நுழையுமுன்
ஒரு வளைவு தொங்க வேண்டும்,
மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிட.
காற்றைத் தடுக்க ரோமத் தொப்பி:
என் பழைய கோட்டின் காலர்.

ஏப்ரலில் பட்டாணிக் குருவிகள் வந்து
கூட்டுக்கு மெத்தை வேண்டி
அந்தக் காலரைப் பிய்த்தன.
அந்த வாரப் பட்டியல் முழுக்க அவைதான்,
தொண்ணூற்றொன்பது சதவீதம்.
இன்னொரு கோட்டையும் வெட்டினேன்.

மர ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்தில்
வேலை பார்த்த காது அவருடையது.
மருத்துவர் காட்டிய வரைபடத்தில்
ஆறாயிரம் ஹெர்ட்ஸ் வந்ததும் கோடு
கயிறறுந்த வாளிபோல் விழுந்தது.
அந்தக் கிணற்றின் அடியில் இருக்கிறது பொன்முடிக் குருவி.
ஐந்து கிராம். உச்சந்தலையில் மஞ்சள் கோடு.
கண்ணாடியில் ஊசியால் எழுதிப் பார்ப்பதுபோல் ஒரு பாட்டு.
இத்தனை கம்பியும் அதற்காகத்தான் என்று
அவர் சொன்னதில்லை.
காலையில் பட்டியலைத் திறந்ததும்
எந்தப் பெயரைத் தேடுகிறார் என்று
எனக்குத் தெரியாதா.

மே மாதம், ஒரு ஞாயிறு.
மரத்தடிப் பெஞ்சில் காபி.
அவர் மடியில் போன். திரையின் கருநீலத்தில்,
மேல்விளிம்பை ஒட்டி, வெளிச்சமான சிறு தையல்கள்.
பொன்முடிக் குருவி, தொண்ணூற்று மூன்று.
"கேட்கிறதா?" என்றார்.
ஐந்து வருடமாக இதற்கு என்னிடம் ஒரே பதில்:
"ம், தெளிவாக."
உடனே கண்ணை மூடிக்கொள்வார்,
என் காதை இரவல் வாங்கியவர்போல்.

தையல்கள் ஓடிக்கொண்டே இருந்தன.
தலைக்கு மேலே கிளை நுனி அசைந்தது,
அதைப் பார்த்தேன்.
கேட்டதென்னவோ வெண்டா ஆற்றின் இரைச்சல்,
நான் காபி விழுங்கும் சத்தம்.
"இல்லை" என்றேன்.
"போன வருடமும் இல்லை.
அதற்கு முந்தின வருடம்... தெரியவில்லை."

அதன்பின் அவர் என்ன சொன்னார்,
நான் என்ன சொன்னேன் என்பதற்குச் சாட்சியில்லை.
பேச்சு கலந்த துண்டுகளை
வைத்துக்கொள்ளக் கூடாதென்று
அவரே ஒரு விதி போட்டிருக்கிறார்.
இரவில் தனியாகப் பட்டியலைத் திறந்தேன்.
06:42 பொன்முடிக் குருவி.
06:43 மனிதக் குரல். அழிக்கப்பட்டது.
06:44 மனிதக் குரல். அழிக்கப்பட்டது.
06:51 வரை அப்படியே.
அப்புறம் ஒரு மரங்கொத்தி, ஐம்பத்தெட்டு சதவீதம்.
அது, அவர் காலிக் கோப்பையைக் கவிழ்த்து
பெஞ்சு விளிம்பில் தட்டியது.